பகல் ஷிப்டு

எட்டுத் தறி ஓட்டிவிட்டு
காலை ஏழு மணிக்கு வருவான் மயில்சாமி.
காது மடலில் பஞ்சு, புருவத்தில் பஞ்சு.
பழையதைக் கரைத்துக் குடித்துச்
சுவர்ப்பக்கம் திரும்பினானென்றால்
பொழுது சாயும்வரை கட்டை.

அதற்கப்புறம் டி.வி. என்னுடையது.

சத்தத்தைச் சுழியில் வைக்கிறேன்.
உக்கடத்துப் பழைய சாமான் கடையில்
மூவாயிரத்து இருநூறுக்கு அவன் வாங்கிவந்த பெட்டி.
கூடவே ஒரு டிஸ்க்கு, ஒரே ஒரு கன்ட்ரோலர்.
அதன் இடது குமிழ் தேய்ந்துபோய்
தொடாமலே இடப்பக்கம் இழுக்கும்,
செக்கில் பழகின மாடு மாதிரி.
சைக்கிள்காரன் நேராகப் போக வேண்டுமென்றால்
நான் எந்நேரமும்
வலப்பக்கம் கொஞ்சம் பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மஞ்சள் ஹெல்மெட்டு, முட்டிக்கு உறை.
தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தில் இறங்கி
எதிர்ச்சுவரில் ஏறி
வானத்துக்குள் போவான்.
வித்தையெல்லாம் அங்கேதான்.
சதுரத்தை அழுத்தினால் கையை விடுவான்.
வட்டத்தை அழுத்தினால்
முளையில் கட்டின வெள்ளாடு போல
சைக்கிள் மட்டும் அவனைச் சுற்றி வரும்.
எத்தனை சேர்த்தாலும்
சக்கரம் தரையைத் தொட்டால்தான் கணக்கு.
இல்லையென்றால் பூஜ்யம்.
மீட்டருக்குக் கூலி வாங்குகிறவன் வீட்டில்
இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

விழுவான். கழுத்து மடங்கி, கால் முறுக்கி விழுவான்.
பெருக்கல் குறியை அழுத்தினால்
மறுபடி குளத்து விளிம்பில் நிற்பான்,
தூசிகூடத் தட்டாமல்.
பதினொன்றாவதில் கவர்மெண்ட்டு சைக்கிளோடு
செலக்கரிச்சல் இறக்கத்தில் நான் விழுந்ததற்கு
ரெண்டு பல்லும் மூணு மாசப் பள்ளிக்கூடமும் போயின.
சைக்கிளை அப்பன் பழைய இரும்புக்குப் போட்டார்.

ஊமை ஆட்டத்துக்குப்
பக்கத்து ஷெட்டுத்தான் மேளம்.
டக்கடி டக்கடி டக்கடி.
நாடா போய்த் திரும்புகிற கணக்கில்
விரல் வைக்கப் பழகிவிட்டேன்.
மூன்றாம் டக்குக்குக் குதி.
ஐந்தில் சுழற்று.
எட்டில் இறக்கு.

போன மாசம்
எண்பத்து நாலாயிரத்து முந்நூற்று இருபது.
பெட்டி பேர் கேட்டது, மூன்றே எழுத்து.
சௌடேஸ்வரியை மூன்று இங்கிலீஷ் எழுத்துக்குள்
எப்படி மடக்குவதென்று தெரியாமல்
அவன் வழக்கமாகப் போடுவதையே போட்டுவிட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரியிடம் காட்டி
"தூக்கக் கலக்கத்துல அடிச்சிருப்பனாட்ட இருக்குது" என்று
அவன் சிரித்தது அடுப்படிவரை கேட்டது.
பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன்.
இன்னும் கொஞ்ச நேரம் கடைந்தேன்.

இன்றைக்கு அதற்கும் மேலே.
ஒரு சுற்று, இன்னொரு சுற்று,
கையை விட்டாயிற்று, காலை விட்டாயிற்று,
மூலையில் எண்கள் ஏறுகின்றன,
தரை எங்கேயோ கிடக்கிறது,
ஆறு, ஏழு,
இப்போது இறக்க வேண்டும்

டக் வரவில்லை.

டி.வி. கறுத்துவிட்டது.
மின்விசிறி தன்பாட்டுக்கு நாலு சுற்றுச் சுற்றி நின்றது.
சோமனூரில் இருக்கிற தறியெல்லாம் ஒரே மூச்சில் அடங்க
எங்கோ குழாயடியில் குடம் வைக்கும் சத்தம்
காதருகே கேட்டது.

சத்தத்தில் தூங்குகிறவன்
அமைதியில் எழுந்துவிடுவான்.
எழுந்துவிட்டான்.
"கரண்ட்டு போயிருச்சாக்கும்?"
கண்ணைக் கசக்கிக்கொண்டு
என் மடியில் கிடந்த கன்ட்ரோலரைப் பார்த்தான்.
கொப்புளத்துக்கு நான் கட்டைவிரலில் சுற்றியிருந்த
துணிக்கிழிசலைப் பார்த்தான்.

"அந்த எம்பத்தி நாலாயிரம் எனதில்லீன்னு
எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான்.
"அந்தக் குமிழ வெச்சுக்கிட்டு
நானு இருவதத் தாண்டுனதில்ல."
கொட்டாவி விட்டான்.
"இப்ப எத்தன?"

"தெரியலீங்க. இன்னும் எறங்கல."

நகர்ந்து படுத்து
பாயில் பாதி இடம் விட்டான்.
"கரண்ட்டு வந்தா மொதல்லிருந்துதான?"
"மொதல்லிருந்துதானுங்க."

வெளியே ஷெட்டு வாசலில்
யாரோ பீடிக்குத் தீப்பெட்டி கேட்டார்கள்.
டிரான்ஸ்பார்மர் போயிருச்சு,
சாயங்காலம் ஆகும் என்றார்கள்.