அரை மாத்திரை

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று
பன்னிரண்டு வருசம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன்.
ஈரோட்டில் டாக்டர் மெஹருன்னிசா சீட்டில் எழுதினார்:
அரை மாத்திரை, ராத்திரி, சாப்பிட்ட பிறகு.
ஒரு வாரம் கழித்து முழுசு.
"மெய்தானுங்களே, சரி" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
எனக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறந்து நாற்பத்தொரு நாள்.
ஒறம்பரை வந்து
மூக்கு யார் சாடை என்று பேசிவிட்டுப் போனார்கள்.
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன
துணிமூட்டையைப் போலத்தான் அவளைத் தூக்கினேன்.
பால் மட்டும் சுரந்தது,
என்னைக் கேட்காமல்.

ரிக் வண்டியோடு ராய்ப்பூர் போயிருந்த செங்கோட்டுவேல்
பாதி வேலையில் திரும்பி வந்தார்.
வந்த அன்றைக்கே
தண்ணி வற்றிய கிணத்துக்குக்
கம்பிக் கதவு போட்டுப் பூட்டினார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

"வேலை செய்ய மூணு வாரம், நாலு வாரம் ஆகும்."
"பால் குடுக்கலாமுங்களா?" நங்கையா கேட்டார்.
"இந்த மருந்துக்குக் குடுக்கலாம்."
வரும் வழியில் சங்ககிரி தாண்டியதும் இவர் சொன்னார்:
"போர் போட்டா மொதல்ல புழுதிதான் வரும்,
முன்னூறு அடி வரைக்கும்.
அப்புறமேட்டுத்தான் ஈரம்."
நான் ஒண்ணும் போர்க்குழி இல்லை என்றேன்.
அன்றைக்கு நான் பேசிய முழு வாக்கியம்
அது ஒன்றுதான்.

முதல் வாரம் குமட்டல்.
அரிசிம்பருப்பு வாசமே ஆகவில்லை.
இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை.
மூன்றாம் வாரம் ஒன்றுமில்லை.
கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது இலக்கணம்.
எனக்கு அது
ஒரு பகல், ஒரு ராத்திரி,
பக்கத்துக் கொட்டாயில் ஓயாத தறிச் சத்தம்.
டாக்டர் அளவைக் கூட்டினார்.
குறில் நெடிலானது.

என்றைக்கு என்று தெரியவில்லை.
கரண்ட் போய்த் தறி நின்ற ஒரு மத்தியானம்
அவள் கன்னத்தில் கீறல் பார்த்தேன்.
இத்தனை நகம் வளர்ந்திருக்கிறது,
வெட்ட ஒருத்தருக்கும் தோணலையா?
கோபம் வந்தது எனக்கு.
எத்தனையோ நாளைக்கப்புறம்
வீடு தேடி வந்த முதல் ஒறம்பரை.
நகவெட்டியைத் தேடி அலமாரியை எல்லாம் இறைத்தேன்.

விரலைப் பிடித்து வெட்டும்போது
"ங்" என்றாள்.
எந்தச் சொல்லுக்கும் முதலில் நிறுத்த முடியாமல்
பாடத்தில் நான் தாண்டிப் போகிற எழுத்து.
எங்கள் ஊரில் எல்லாப் பேச்சுக்கும்
கடைசியில் மரியாதைக்கு நிற்பது.
"சொல்லுங்" என்றேன்.

கிணத்துப் பூட்டு இன்னும் தொங்குகிறது.
தொங்கட்டும்.
அட்டையில் ஆறு பாக்கி இருக்கிறது.
சனிக்கிழமை வாங்கியாக வேண்டும்.