நாலாம் பெயரிங்

கிராங்கேஸ் கதவைத் திறந்ததும்
முதலில் வருவது சூடு இல்லை, மணம்.
எரிந்த ஒயிலும் உப்பும் சேர்ந்து
பழம்புளி மாதிரி நாக்கின் அடியில் நிற்கும்.
கச்சான் காற்றுக்கு இது மூன்றாம் கிழமை.
எஞ்சின் அறைக்குள் நாற்பத்தொரு பாகை.
தகட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி,
திருகோணமலைக் குடா குளிர்ந்து கிடக்கிறது.

நீலவல்லி, இழுவைப் படகு.
மாவாலைக்கு வரும் கோதுமைக் கப்பலை
மூக்கால் முட்டி மேடையில் அணைக்கிற வேலை.
ஆறு சிலிண்டர். போன திறப்பிலிருந்து
ஒன்பதாயிரத்து நானூறு மணித்தியாலம்.

ஜவ்பர் செயினை இழுக்க ஹெட்டுகள் மேலே போயின.
லைனருக்குள் விரலை விட்டேன்.
மேல் வளையம் நின்று திரும்புகிற இடத்தில்
நகம் தடக்குகிற ஒரு படி.
ஆறிலும் அதே படி. எதிர்பார்த்ததுதான்.

கரையில் வைத்த கசுக்கெட் பெட்டியை
ஊர் மான் ஒன்று வந்து தின்றுவிட்டது,
உள்ளே இருந்த தாள் கசுக்கெட் இரண்டோடு.
ஸ்டோர் புத்தகத்தில் ‘மான்’ என்றே எழுதினேன்.
உண்மையை எழுதுவது அவ்வளவு லேசு,
பிழை நம்முடையதாக இல்லாவிட்டால்.

பிறகு மெயின் பெயரிங்.
மற்ற ஆறையும் முதலில் இறக்கினேன்,
பல்வலிக்காரன் மறுபக்கத்தால் மெல்லுகிற மாதிரி.

டொலர் செத்துப்போன வருஷம் அது.
ஜேர்னலைக் கடைந்தாயிற்று, அரை மில்லிமீற்றர்.
அந்த அளவில் பெயரிங் கொழும்பில் இல்லை.
சிங்கப்பூரில் இருந்தது, காசு இங்கே இல்லை.
கப்பல் வெளியே நங்கூரத்தில். பாணுக்கு வரிசை தெருவில்.
இரவு இரண்டு மணிக்கு சீஃப் நிலந்த
கடைசி டின்பாலை ஊற்றித் தேத்தண்ணி போட்டான்.
வெறும் டின்னைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
கத்தரியால் நீளமாக வெட்டி, மரச்சுத்தியலால் வளைத்து,
ஷெல்லின் முதுகில் வைத்து மூடினேன்.
வேலைப் புத்தகத்தில்: பெயரிங் நாலு, புதிது.
என் கையெழுத்து வழக்கத்தைவிட வடிவு.

விடிய எஞ்சின் பிடித்தது. கோதுமை இறங்கியது.
எத்தனையோ கலியாண வீட்டுப் பந்தியில்
இந்தக் கதையை வாய்வரை கொண்டுவந்து விழுங்கியிருக்கிறேன்,
பாதி வெட்கம், பாதி பெருமை.

இப்போது நிலந்த கட்டாரில்.
புதுச் சீஃப் ஹர்ஷனி, டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள்.
என் உள்ளங்கையில் டின்.
பசுவின் ஒரு காது இன்னும் தெரிகிறது.
இது என்ன, என்றாள் சிங்களத்தில்.
சொன்னேன். புத்தகத்தின் பக்க எண்ணையும் சேர்த்து.

ஏசவில்லை. மைக்ரோமீற்றரால் டின்னை அளந்தாள்.
தசம் இரண்டு, தசம் ஒன்று ஆறு ஆகியிருந்தது.
ஷெல்லைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்:
முதுகில் பளபளவென்று தேய்ந்த ஒரு பிறை,
பூட்டுநாக்கு பாதி மழுங்கி.
ஷெல் நகரத் தொடங்கியிருந்தது.
இன்னும் நூறு மணித்தியாலம், என்றாள்.
எண்பது என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அந்த எண்பதில் ஏதோ ஒன்றில்,
கப்பலுக்கும் மேடைக்கும் நடுவே,
வடம் இறுகி முறுகுகிற நேரம் பார்த்து
கிராங் பிடித்து நின்றிருக்கும்.
வடத்தின் பக்கத்தில் நிற்பவன் தஸ்னீம். இருபத்திரண்டு வயது.
கலியாண வீட்டுக்கென்று வைத்திருந்த கதை
அதோடு முடிந்தது.

புதுப் பெயரிங் மெழுகுத் தாளில் வந்தது, சரியான அளவில்.
நீலம் தடவி, ஒத்திப் பார்த்து,
முறுக்குச் சாவி ‘டக்’ என்னும் வரை இறுக்கினேன்.
ஹர்ஷனி பழைய பக்கத்தை விரித்து வைத்தாள், பேனையோடு.
‘புதிது’ மேல் ஒரு கோடு, அடியில் வாசிக்க முடிகிற மாதிரி.
பக்கத்தில்: பால் டின். இன்றைய திகதி.
கையெழுத்து கோணல்.

காற்றைத் திறந்தாள். எஞ்சின் இருமியது.
கறுப்புப் புகை, பிறகு சாம்பல், பிறகு ஒன்றுமில்லை.
ஜவ்பர் கை தட்டினான்.
நீண்ட திருப்புளியின் நுனியை நாலாம் கதவில் ஊன்றி
பிடியைக் காதில் அழுத்தினேன்.
நல்ல சத்தம்தான்.
எல்லோரும் மேலே போய்விட்டார்கள், தேத்தண்ணிக்கு.
நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.