ஒத்து

செல்லோவுக்கும் ஒரு சீட்டுக் காசு.
அம்பிலோ ரோட்டுக் கோம்பியில் அதுதான் சட்டம்.
லுங்கெலோ இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு
ஒருவனாக உட்கார்ந்து வருவான்.
என் வயோலா மடியில், இலவசமாக.
"குழந்தையா?" என்றார் ஒருமுறை ஓட்டுநர்.
குழந்தை இவ்வளவு கேட்காது என்றேன்.
ஒரு செட் தந்தி ஆயிரத்து எண்ணூறு ரேண்ட்.

செவ்வாயும் வியாழனும் லுத்தரன் சர்ச்சின் பின்கூடத்தில் ஒத்திகை.
டர்பன் காற்றில் மரம் ஊறும், பிருடை இறுகும்.
அதே வாத்தியத்தைப் பிரிட்டோரியாவுக்கு ஏற்றிப்போனால்
மேட்டுநில வறட்சியில் பிருடை தானே கழன்று
வாசிப்பின் நடுவே சுருதி சறுக்கும்.
நடுவழியில் ஹாரிஸ்மித் பெட்ரோல் பங்கில் இறங்கி
பெட்டிகளைத் திறந்து பார்ப்போம்,
நோயாளியின் நெற்றியில் கைவைப்பதுபோல.

ஹெலெட் முதல் வயலின்.
மூச்சை அவள்தான் எடுப்பாள். மூக்கால் ஒரு சின்ன உறிஞ்சல்,
அதில் நாலு வில்லும் எழவேண்டும்.
அதைக் கற்க எங்களுக்கு இரண்டு வருஷம்.
பல்கலைக்கழகத்தில் பழக்கியது வேறு:
செருப்பொலி கேளாமல் கம்பளத்தில் நடந்து
திரைக்குப் பின்னால் தனியாக நின்று
எண்ணாக மட்டும் இருப்பது.
ஆறு. பதினேழு. மறுபடி ஆறு.
நன்றி, போகலாம்.

வாடகைக்கு உம்லாங்கா கல்யாணங்கள்.
மணப்பெண் எந்த நிமிஷம் படியிறங்குவாள் என்று தெரியாது;
எந்தப் பாரிலும் முடிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.
அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

சாட்ஸ்வர்த்திலிருந்து அத்தை போனில் கேட்டாள்:
"டிவியில் பார்த்தேன், கை ஆடுது.
உன் சத்தம் எது?"
மேளக்காரர்களில் ஒருவன்
ஒரே சுரத்தைக் கன்னம் உப்பப் பிடித்திருப்பானே,
பெயர்கூட யாரும் கேட்பதில்லை,
அவன் வேலை என்றேன்.
"ஒத்து ஊதுறியா?" என்றாள்.
அவள் வசையாகச் சொல்லவில்லை.
எனக்குத்தான் அப்படிப் பட்டது.

ஜூனில் டோங்காட் டவுன்ஹால்.
இரண்டாம் பகுதி, மெதுவானது.
என் தாளில் நாற்பத்தெட்டு பார் ஒரே சுரம்,
எறும்பு வரிசைபோல.
மின்வெட்டு ஒன்பதுக்கு என்று அட்டவணை சொன்னது.
எட்டேகாலுக்கே போயிற்று.

ஹெலெட் ஒரு வளைவின் உச்சியில் நின்றுபோனாள்.
ப்ரெனெஷ் இன்னும் இரண்டு சுரம் போய் விழுந்தான்.
லுங்கெலோவின் வில் எதிலோ இடித்தது.
என் கை நிற்கவில்லை.
வீரமெல்லாம் இல்லை. மறப்பதற்கு அதில் என்ன இருந்தது?
இருபத்தொன்று, இருபத்திரண்டு.
பிளாஸ்டிக் நாற்காலிகள் முனகின.
வெளியே யாரோ ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார்கள்,
இருமியது, மறுபடி இழுத்தார்கள்.
இருபத்தொன்பது.
அடியில் செல்லோ தடவித்தடவி வந்தது,
எழுதியதை அல்ல, எழுதியதற்குப் பக்கத்து வீட்டை.
அப்புறம் அந்த உறிஞ்சல்.
இருட்டில் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று
நான் நினைத்ததே இல்லை.

விளக்கு வந்தபோது மூவர் ஒரே பாரில்.
ப்ரெனெஷ் இரண்டு பார் முன்னே,
யாருமில்லாத ஸ்டேஷனில் முன்கூட்டி இறங்கியவன்போல.
கூட்டம் எழுந்து கைதட்டியது.
மறுநாள் பேப்பர் படத்தில்
என் முழங்கை மட்டும் விழுந்திருந்தது.
பணம் ஏழு வாரம் கழித்து வந்தது,
வரி பிடித்தம் போக.

லுங்கெலோவுக்கு ஜெர்மனியில் வேலை.
ஆகஸ்டில் போய்விட்டான், செல்லோவுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து.
செவ்வாய்களில் மூவர் வாசிக்கிறோம்.
அடி இல்லாமல் எல்லாம் கொஞ்சம் கூர்மையாகிப்போகிறது.

சனிக்கிழமை ஐந்து செல்லோக்காரர்கள் வருகிறார்கள்.
திரை வேண்டாம், எண் வேண்டாம் என்று முடிவு.
ஹெலெட் இரண்டு கடினமான பக்கங்களைக் குறித்திருக்கிறாள்.
நடுவில் விளக்கை அணைத்துப் பார்ப்போமா என்றேன்.
ஹெலெட் சிரித்தாள், ப்ரெனெஷ் சிரிக்கவில்லை.

சுவிட்ச் எங்கே என்று பார்த்துவைத்திருக்கிறேன்.
பியானோவுக்குப் பின்னால்,
கொஞ்சம் எட்டவேண்டும்.