ஓராள் அறை

வண்ணார்பேட்டை மாடியில்
சுடலைக்கண் கப்பலை விரித்துக் காட்டினான்.
"கூட யாருக்கா வாரா?"
"யாருமில்ல."
"அப்பம் ரெண்டாளு காசுல்லா கட்டணும்."

உள்ளறை மலிவு, சன்னல் கிடையாது.
விளக்கை அணைத்தால் நடுப்பகலும் ராத்திரி.
பால்கனிக்கு என் பிஎஃப்பில் பாதி.
ஓராளுக்கென்றே கட்டிய அறைகள்
சித்திரையிலேயே தீர்ந்துபோச்சாம்.

வராத அந்த ஆளுக்கு
நான் கட்டுவது முதல் தடவையா?
சாந்தி நகரில் வாடகைக்கு வீடு கேட்டபோது
"தனியாவா?" என்று இழுத்தவர்
அட்வான்சில் ரெண்டு மாசம் ஏற்றினார்.

"வட்டச் சன்னலே போடு.
கட்டில் ரெண்டையும் சேர்க்க வேண்டாம்னு எழுது.
ஒண்ணுல நான்,
ஒண்ணுல என் பெட்டி."

இரண்டாம் பெயருக்கான கட்டத்தில்
அவன் பேனா கொஞ்சநேரம் நின்றது.

திரும்புகையில் டவுன் பஸ்.
"எத்தன?"
"ஒண்ணு."
கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார்,
காசுகூடக் கேட்காமல்.