மிதக்கும் நாய்

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
ஹீட்டர் மேடேறும் பஸ் மாதிரி இருமுகிறது.
கம்பெனி மடிக்கணினியை மூடிவிட்டு
என்னுடையதைத் திறக்கிறேன்.
அதன் விசிறிக்கும் ஆஸ்துமா.

பகலில் நான் எழுதுவது
ஆலங்கட்டி மழையில் நசுங்கிய கார்களுக்கு
எவ்வளவு தரலாம் என்று பார்க்கும் நிரல்.
அதில் யாரும் விளையாடுவதில்லை,
கம்பெனியைத் தவிர.

இரவில், ஒரு சின்ன ஆட்டம்.
ஒரு தெரு. பதினோரு வீடு. ஒரு மண்வாரி.
பனி விழும், நீங்கள் தள்ள வேண்டும்.
மறுபடி விழும்.
எப்படி ஜெயிப்பது என்று ஒருவன் கேட்டான்.
மார்ச் வரட்டும் என்றேன்.
மார்ச்சை நான் இன்னும் எழுதவில்லை.

விற்றது இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒன்பது திரும்பி வந்தன.
ஒருவர் ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் ஆடிவிட்டுப்
பணத்தைக் கேட்டிருக்கிறார்,
இரண்டு மணி தாண்டினால் கிடைக்காதாம்.
பந்தியில் பாயசம்வரை இருந்துவிட்டு
மொய் எழுதாமல் நழுவிய மனிதர்.
கோபமில்லை.
பதினோரு வாசலையும் தள்ளிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இசை போட்டவன் ஃபென்விக்.
ஹோபார்ட்டில் இருக்கிறான், அல்லது அப்படிச் சொல்கிறான்.
நாலு வருஷப் பழக்கம்.
அவன் முழங்கால் வலி தெரியும்,
அவன் பூனைக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் தெரியும்,
முகம் தெரியாது.
எதிர்வீட்டுக்காரரின் முகம் தெரியும்.
பெயர்
தபால் பெட்டியில் பாதி உதிர்ந்துவிட்டது,
'-செவ்ஸ்கி' மட்டும் மிச்சம்.

இனி, நாய்.
ஏழாம் வீட்டு நாய் தானாகவே மேலே போகும்.
மூன்றாம் நாள் கூரை, ஐந்தாம் நாள் புகைபோக்கி,
எட்டாம் நாள் நிலாவுக்குப் பக்கத்தில் நின்று
வாலாட்டும்.
காரணம் கேவலமாக எளிது:
பனி ஏறும்போது நாயையும் ஏற்றினேன்,
பனியைத் தள்ளும்போது
நாயை இறக்க மறந்தேன்.
ஒரே ஒரு வரி.
அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம்,
ஒன்றரைக் கிலோ மிக்சர்.

பதிப்பு 1.0.4. மாற்றங்கள்:
நாய் சரிசெய்யப்பட்டது.

மறுநாளே ஒரு கடிதம்.
'நாய் ஏன் தரையில் நிற்கிறது?'
எழுதியவர் கணக்கில் முந்நூற்றுப் பதினோரு மணி நேரம்.
அணைக்க மறந்த கணினி என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.

இல்லை. டூசானில், ஒரு மருத்துவமனை
கார் நிறுத்தத்தில் இரவுக் காவல்.
ஒன்பது திரைகளில் கார்கள்,
பத்தாவதில் என் தெரு.
'எங்கள் ஊரில் பனிக்கு வேலையில்லை.
உங்கள் ஆட்டத்தில் ஒரு நாள் என்பது ஒரு மணி நேரம்.
மணிக்கு ஒருதரம் எல்லா வாசலும் தள்ளுவேன்,
நாய் ஒரு படி ஏறும்.
நிலாவைத் தொட்டால் என் ஷிஃப்ட் முடிந்தது.
நேற்று
எட்டு மணி நேரமும் நீளமாக இருந்தது.'

மூன்று வாரத்து வரியை அழிக்க
எனக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது.
பகல் நிரலில் இப்படி ஒன்றை அழித்தால்
மனிட்டோபா முழுக்க
நசுங்கிய கார்களுக்கு விடிவு பிறக்கும்,
எனக்கு வேலை போகும்.

பதிப்பு 1.0.5. மாற்றங்கள்:
நாய் சரிசெய்யப்பட்டது.

வெளியே நகராட்சி வண்டி வருகிறது.
மாலையில் நான் தள்ளியதையெல்லாம்
சுருட்டி என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறது.
இதை வடிவமைத்தவருக்குக் கடிதம் எழுத
முகவரி இல்லை.
பூட்ஸை மாட்டுகிறேன். எதிரே -செவ்ஸ்கி
ஏற்கெனவே பாதி முடித்துவிட்டு
மண்வாரியைத் தூக்கிக் காட்டுகிறார்.
நானும் தூக்கினேன்.

திரும்பி வந்தால் ஃபென்விக்கிடமிருந்து ஒரு கோப்பு:
'மார்ச்சுக்கு மெட்டு. பனி உருகும்போது போடு.'
கேட்டேன். அழகுதான்,
ஆனால் ஏதோ உதிர்கிற மாதிரி இருக்கிறது.
அவன் ஊரில் மார்ச்சில்தானே
இலையுதிர்காலம் தொடங்கும்.

பனி உருகினால் நாய் எதன்மேல் ஏறும்
என்று அவன் கேட்கவில்லை.
கோப்பைத் தனியாக வைத்திருக்கிறேன்.
டூசானில் இப்போது மணி மூன்று,
நாய் புகைபோக்கி அருகே இருக்கும்.