பெண் வீட்டார்

சனிக்கிழமை பதினொன்று பத்துக்கு
என் பெயர் நா ஹே-இன்.
மணப்பெண்ணோடு காப்பீட்டு அலுவலகத்தில்
மூன்று வருடம் பக்கத்து மேசை.
ஒரு மணிக்கு வேறு மாடியில் வேறு பெயர்.
அங்கே நான் கல்லூரித் தோழி, கொஞ்சம் அழவும் வேண்டும்.
அழுகைக்கு ஐயாயிரம் வோன் கூடுதல்.

பூப்யோங் ரயில் நிலையத்து இரண்டாம் வாசலில்
டீம் லீடர் மேங் எங்களை எண்ணுகிறார்,
நடத்துனர் டிக்கெட் எண்ணுவதுபோல, உதடு அசைய.
பதினெட்டுப் பேர். எல்லோரும் பெண் வீட்டார்.
"வெள்ளை உடுத்தக் கூடாது.
பெண்ணைவிட அழகாக இருக்கக் கூடாது"
(என்னைப் பார்த்தபடி சொன்னதில் யாரோ சிரித்துவிட்டார்கள்)
"பிள்ளை வீட்டார் பேச்சுக் கொடுத்தால்
தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்."

மேங் கெட்டவர் இல்லை.
கப்பல் பட்டறையில் ஆட்குறைப்பு வந்தபோது வெளியே வந்தவர்.
நானும் சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டவள்தான்.
என் இடத்தில் இப்போது ஒரு திரை நின்றுகொண்டு
வருவோர் போவோருக்கெல்லாம் நன்றி சொல்கிறது.
ஒன்பது வருடம் பழகிய சிரிப்பு
வீட்டில் சும்மா கிடந்தது.

பெண் பக்கம் நாற்காலி காலியாக இருந்தால்தான் என்ன
என்று முதல் வாரம் கேட்டேன்.
"வங்கியில் கடன் கேட்டால் ஜாமீன் கேட்பார்களே,
அதுபோலத்தான்" என்றார்.
"இங்கே கூட்டம்தான் ஜாமீன்."

மொய் மேசையில் உறையை நீட்டினேன்.
உள்ளே வெற்றுத்தாள். வாங்குகிறவரும் எங்கள் ஆள்.
நோட்டில் ஒரு லட்சம் என்று அழகாக எழுதி
சாப்பாட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.
பெண்ணின் கைபிடித்து நடந்துவந்த அப்பாவையும் தெரியும்.
போன மாதம் சுவோனில் அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர்.
நல்ல நடை. நடைக்கே தனி விலை.

பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்
எங்கள் பதினெட்டில் இல்லை.
புதுக் கோட்டு, கைப்பட்டையில் கடைத் தையல்கூடப் பிரிக்கவில்லை.
எவ்வளவு கழுவியும் விரலைவிட்டுப் போகாத மீன் வாடை.
மாட்டெலும்பு சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார்,
குடிக்கவில்லை.

"நீங்கள் பெண்ணுக்கு என்ன வேண்டும்?"
வாய் தானாகச் சொன்னது: "ஒரே அலுவலகம்."
"ஓ. அங்கே எப்படி, அவள்?"
"நேரம் தவறமாட்டாள்.
மதியம் எனக்கும் சேர்த்து
பேரிக்காய் நறுக்கிக் கொண்டுவருவாள்."
பேரிக்காய் குறிப்புத்தாளில் இல்லை.
எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.
"சின்னதிலேயே அவள்" என்று ஆரம்பித்தவர்
கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு,
"நானும் அதே அலுவலகம்தான்" என்றார்.

புதுமணத் தம்பதி மேசை மேசையாக வந்தார்கள்.
பெண் எனக்குக் குனிந்தாள்: "வந்ததற்கு மிக்க நன்றி."
அவருக்கும் குனிந்தாள்,
அதே வார்த்தை, அதே அளவு.
குனிந்தபோது முத்துக் கம்மலுக்குமேல்
இடது காதுமடலில் பிறவியிலேயே ஒரு சிறு வெட்டு.
நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.
ஒரு மணி நேரமாக
அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"வாழ்த்துகள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்" என்றார்.
நீங்கள் என்றார்.
மாப்பிள்ளையின் அம்மா தூரத்திலிருந்து
எங்கள் மேசையைக் கண்ணால் எண்ணிவிட்டு
திருப்தியாக அடுத்த மேசைக்குப் போனாள்.

வெளியே வரும்போது மொய் மேசைக்காரர் கூப்பிட்டார்.
கையில் தடித்த உறை, பெயர் எழுதாதது.
"அம்மா, இதில் நிஜமாகவே பணம் இருக்கிறது" என்றார்,
தேளைப் பார்த்தவர்போல.
"நோட்டில் என்னவென்று எழுத?"

"அலுவலகம் என்று எழுதுங்கள்" என்றேன்.
லிஃப்டுக்கு வரிசை நீளமாக இருந்தது.
படியேறினேன்.

ஐந்தாம் மாடியில் எனக்கு அழுகை வரவில்லை.
கைக்குட்டை, விளக்கு, பியானோ எல்லாம் தயாராக இருந்தும்.
சாயங்காலக் கணக்கில்
ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டார் மேங்.
நியாயம்தானே, நான் ஒன்றும் சொல்லவில்லை.