டீசல் கணக்கு

அஞ்சல் கிடங்கில் டீசல் கணக்கு எழுதுவது என் வேலை.
வண்டி எண், புறப்பட்ட நேரம், ஓடிய தூரம்,
கடைசியில் ‘குறிப்பு’ என்றொரு குறுகிய கட்டம்.

அக்டோபரில் ஐந்தாம் எண் வண்டி
நடைக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓட வேண்டியது
ஐம்பத்தைந்து ஓடியிருந்தது.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.
ஐந்தாம் எண்ணை ஓட்டுகிறவன் ஹோக்னி.
என் கணவன்.

மிச்சமுள்ள முப்பத்தெட்டு கிலோமீட்டர்
எவள் வீட்டு வாசலில் நிற்கிறதோ என்று
இரவெல்லாம் புரண்டேன்.
பரோயே தீவுகளில் ஒளிய இடமில்லை.
மறைத்துக்கொள்ள மரம்கூடக் கிடையாது.
கட்டத்தில் ‘சாலைப் பணி’ என்று
பொய் எழுதிவைத்தேன்,
எனக்கு முன்னால் வேறு யாரும் கண்டுபிடித்துவிடாதபடிக்கு.

ஒரு விடிகாலை பின்தொடர்ந்தேன்.
கடலடிச் சுரங்கத்தின் வாய்வரை போனான்.
ஓரம் கட்டினான்.
இறங்கி, முழங்கால்களைப் பற்றிக்கொண்டு
தரையில் விழுந்த மீன்போல
வாயைத் திறந்து திறந்து மூடினான்.
பிறகு வண்டியைத் திருப்பி
மலையைச் சுற்றும் பழைய சாலையில் ஏறினான்.
எவள் வீட்டிலும் நிற்கவில்லை.
நான் கூர்தீட்டி வைத்திருந்த சொற்கள்
கார்க் கண்ணாடியில் ஆவியாய்ப் படிந்தன.

அன்றிரவு சொன்னான்.
ஆகஸ்டில் ஒருநாள், அடியிலும் அடியில்,
கடலுக்குக் கீழே இருக்கும் அந்த வட்டச் சந்திப்பில்
நெஞ்சு கழன்று தொண்டைக்கு வந்ததாம்.
விரல்கள் மரத்துப் போனதாம்.
எந்த வழி வெளியே என்று தெரியாமல்
நான்கு சுற்று சுற்றினானாம்,
செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணியபடி.
மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துவிட்டு
‘இதயத்தில் ஒன்றுமில்லை’ என்றார்களாம்.
‘ஒன்றுமில்லாததற்கு எப்படி லீவு கேட்பது, மர்யுன்?’
பார்டுர் சிரிப்பானே:
படகுக்காரன் மகனுக்குக் கடலுக்கடியில் பயமா என்று.

பதினொரு வாரம் காத்திருந்து கிடைத்த நாளில்
நானும் உடன் போனேன்.
ரன்வா என்ற அந்த உளவியலாளர்
நனைந்த காலுறையை ஹீட்டரில் காயப்போட்டபடியே பேசினார்.
‘இதற்குப் பெயர் பீதி நோய்.
நிறையப் பேருக்கு இருக்கிறது.
உங்களுக்குள் இருப்பது நல்ல காவல் நாய்தான்,
நரியைக் கண்டதாய்க் குரைக்கிறது.
இந்தத் தீவுகளில் நரியே கிடையாது.
நாய்க்கு அதை யார் சொல்வது?’
‘நான் சொல்லிப் பார்த்தேன்’ என்றான் ஹோக்னி.
‘சொன்னால் கேட்காது.
கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.’

வீட்டுப்பாடம் கொடுத்தார்.
மூக்கைப் பொத்தி, மெல்லிய உறிஞ்சுகுழலால்
ஒரு நிமிடம் மூச்சு விட வேண்டும்.
சுழல் நாற்காலியில் தலை சுற்றும்வரை சுற்ற வேண்டும்.
பயம் வரும் வழியை வேண்டுமென்றே திறந்து
அது வந்து, உட்கார்ந்து,
சலித்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.
டாக்டர் தந்த மாத்திரை
முதல் இரண்டு வாரம் குமட்டலை மட்டுமே தந்தது.
நிறுத்திவிடுகிறேன் என்றான்.
தொலைபேசியில் டாக்டரைக் கேட்டு, தொடர்ந்தான்.

சமையலறையில் கைக்கடிகாரமும் குழலுமாய் அவன்.
கேலிக்கு நானும் ஒன்றை எடுத்தேன்.
பத்தாவது நொடியில் காது அடைத்தது.
இருபதாவதில் சுவர் நெருங்கியது.
குழலைத் துப்பினேன்.
அவன் துப்பவில்லை.
கண்ணில் நீர் வழிய
அறுபது வரை உட்கார்ந்திருந்தான்.
இருபது ஆண்டாய் உடன் வாழ்பவனை
அன்றுதான் பார்த்தேன்.

‘அஞ்சேல்’ என்று ரன்வா ஒருநாளும் சொல்லவில்லை.
அஞ்சியபடியே ஓட்டுங்கள் என்றார்.
முதல் முறை பக்கத்து இருக்கையில் அவரே இருந்தார்.

மார்ச்சில், என் கணக்கில்:
பதினேழு.
மறுநாள் ஐம்பத்தைந்து; அன்று அவன் சாப்பிடவில்லை.
பதினேழு. பதினேழு.
ஐம்பத்தைந்து.
எல்லாவற்றையும் ஒரே மையில்தான் எழுதினேன்.

நேற்று, பத்தொன்பது.
‘இரண்டு கிலோமீட்டர் எங்கே போனது?’ என்றேன்.
சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னான்:
‘கீழே, சந்திப்பில்.
வேண்டுமென்றே சுற்றினேன்.
குரைத்தது. இன்னும் சுற்றினேன்.’

குறிப்பு என்ற கட்டத்தில்
‘சாலைப் பணி’ என்று எழுதினேன்.
இந்த முறை அது பொய்யில்லை.